குமாரி கோமளாவுக்கு ஒரு பாராட்டு விழா

போன வாரம் எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரைப் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு பேர் டைப்ரைட்டரைப் பாராட்டியிருந்தார்கள். மூன்றாமவர், உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதுங்களேன், அதில் சுவாரஸ்யமானவர்கள் யாராவது இருப்பார்களே என்று கேட்டிருந்தார். இருக்கிறார்கள். இதுவரை எழுதாததற்குக் காரணம், அவர்கள் உயிரோடு இருப்பதும் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பதும்தான். இந்த வாரம் எழுத வழி கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பங்குனி வெயில். பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபம். மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி. ஊரில் உள்ள மாப்பிள்ளை பெண்ணெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் மணவூர் கோமளா அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல். பட்டுச் சேலை கட்டி, யாரோ தன்னை வேறு வீட்டுக் கல்யாணத்தில் கொண்டுவந்து விட்டுவிட்ட மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நமது மதிப்பிற்குரிய துரைசாமி அவர்கள் பொன்னாடை போர்த்துவார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். துரைசாமி என்பது என் நைனா. எண்பத்து நாலு வயது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையின் மூன்று படியையும் ஏறினார். பொன்னாடையைப் பிரித்துக் கோமளா அம்மாள் தோளில் போட்டார். கை கூப்பினார். கூட்டம் கை தட்டியது.

அந்தப் பொன்னாடை எதற்கு என்றால், ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஆன ஒரு இசைத்தட்டில் கோமளா அம்மாள் பாடிய பாட்டுகளுக்காக. அந்தப் பாட்டுகளைக் கோமளா அம்மாள் பாடவில்லை. பொன்னாடை போர்த்திவிட்டு இறங்கி வந்தாரே, அவர்தான் பாடினார்.

பூக்காரி வேஷம்

நைனா அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் கிளார்க். அந்தக் காலத்தில் அங்கே ஊழியர்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போக விருப்பமில்லாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அரக்கோணத்தில் அவர்கள் கலை வளர்த்தார்கள்.

அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, அவர்களே நடித்த இசை நாடகம் 'மலைப்படிப் பூக்காரி'. கதை ரொம்ப எளிது. மலைக்கோயில் படிக்கட்டில் பூ விற்கும் செங்கமலத்தின் மேல் ராஜாவுக்குக் காதல். ராஜா மொட்டை போட்ட பக்தராக மாறுவேஷத்தில் வந்து தினம் முழம் முழமாகப் பூ வாங்குகிறார். மொட்டைத் தலைக்கு எதற்கு இத்தனை பூ என்று செங்கமலத்துக்குக் கடைசிக் காட்சி வரை சந்தேகம் வராது. ராஜா வேஷக்காரர் நிஜமாக மொட்டை போட மறுத்துவிட்டதால் ரப்பர் மொட்டை. காதல் காட்சியில் அது காது வரை இறங்கிவிடும்.

மேடை ஏறப் பெண்கள் யாரும் வராததால் செங்கமலம் என் நைனா. குரல் இயற்கையாகவே சன்னம். கறுப்பாக, ஒல்லியாக, நல்ல உயரமாக இருப்பார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையோடு அவர் மேடைக்கு வந்தால் நகரி, புத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த தெலுங்குக் கூட்டமும் சேர்ந்து ஒன்ஸ்மோர் கேட்குமாம். அசல் பெண்கள் நாடகம் முடிந்ததும் அவரிடம் வந்து கொசுவம் வைக்கும் முறையைக் கேட்டுவிட்டுப் போவார்களாம். இதை நைனா சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

அம்மாவின் அண்ணன் ஏகாம்பர மாமா. திருத்தணியில் 'ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ்' என்றால் தெரியாதவர்கள் காது கேட்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கேட்காமல் போனதற்கும் மாமாதான் காரணமாக இருப்பார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கிருத்திகை என்று எதுவானாலும் அவர் குழாயைக் கட்டினால்தான் ஆரம்பம்.

தங்கைக்கு வரன் பார்க்க மாமா அரக்கோணம் போனார். பையன் ரயில்வே மைதானத்தில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏதோ பந்து விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு போனவர், கொட்டகைக்குப் பின்னால் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்து, இன்னொரு கண்ணுக்குத் தீட்டிக்கொண்டிருந்தார். ஜடையில் குஞ்சலம். வாயில் பீடி.

வேறு யாராக இருந்தாலும் அப்படியே அடுத்த ரயிலைப் பிடித்திருப்பார்கள். மாமா யோசித்தார். சேலை கட்டுகிறவனை மன்னிக்கலாம், ரயில்வே வேலையை விட முடியுமா? சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை மலைக்கு வந்து கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும், இனி இந்த உடம்பில் சேலை ஏறாது என்று. ஏறினால் அன்றைக்கே தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

நைனா சத்தியம் செய்தார். காப்பாற்றவும் செய்தார். செங்கமலம் வேஷத்துக்கு இன்னொரு கிளார்க் வந்தார். அவருக்குச் சேலை பொருந்தியது, பாட்டு பொருந்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சத்தியத்தைப் பெரிய தியாகம் என்று யாரும் பேசியதில்லை. பீடியை நிறுத்திய மாதிரிதான் பேசினார்கள். பீடியை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

பேன்ட் போட்ட செங்கமலம்

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் கழித்து, சென்னையில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்கு இந்த நாடகத்துப் பாட்டுகள் மேல் ஆசை வந்தது. நாடகம் வேண்டாம், பாட்டு மட்டும் போதும், ஸ்டூடியோவில் நல்ல வயலின் வைத்துப் பெரிய தட்டாகவே போடலாம் என்றார்கள். புதுச் செங்கமலத்தின் குரலைக் கேட்டதும் ஆசை போய்விட்டது. குழுவின் மேனேஜர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, காபியை ஆற விட்டு, நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

நைனா கற்பூரத்துக்குப் பயந்தார். தீர்ப்புச் சொன்னது அம்மா. அம்மா ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. படித்திருந்தால் எத்தனையோ வக்கீல்களுக்குப் பிழைப்புப் போயிருக்கும்.

"கற்பூரத்து மேல இன்னா சொன்னீங்க? சேலை கட்ட மாட்டேன்னுதான? பாட மாட்டேன்னு சொல்லலையே. பேன்ட் போட்டுகினு போய்ப் பாடிட்டு வாங்க."

நைனா வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலை ரயிலில் போனார். மேடையில் செங்கமலம் ஒரு மாலையைக் கட்டி முடிக்கவே அரை மணி நேரம் பாடுவாள். ஸ்டூடியோவில் மூன்றரை நிமிஷத்தில் கட்டச் சொன்னார்கள். ஒன்ஸ்மோர் கிடையாது. ஆர்மோனியக்காரர் பழக்கதோஷத்தில் பாட்டுக்கு நடுவில் ஆஹா என்று சொல்லிவிட்டதால் இரண்டு டேக் வீணாகி, மூன்றாவது முறை அவர் வாயில் கைக்குட்டையைக் கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் எட்டுப் பாட்டு முடிந்தது.

அட்டையில் போட பாடகி பெயர் கேட்டார்கள். பெண் பாட்டுக்கு ஆம்பளை பெயர் போட்டால் கடையில் தொட மாட்டார்கள் என்றார் கம்பெனிக்காரர். நைனாவுக்கும் அது வசதி. ஏனென்றால் ஊரில் எந்தத் தட்டு வந்தாலும் முதலில் வாங்குகிறவர் மைக் செட் மாமாதான். காலையில் ரயில் சிக்னலுக்காக மணவூரில் ரொம்ப நேரம் நின்றிருந்தது. அந்தப் பலகைதான் கண்ணில் இருந்தது. நைனா மணவூர் என்றார். கோமளா என்பதைக் கம்பெனிக்காரர் கொடுத்தார். குமாரி என்பதையும் அவரே தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். குமாரியின் மனைவிக்கு அப்போது ஆறாவது மாசம். வயிற்றில் இருந்தது நான்.

மாமா மயங்கிய குரல்

எதிர்பார்த்தபடியே மாமா தட்டை வாங்கினார். எதிர்பாராதது, அந்தக் குரலில் அவர் அப்படியே விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து காலை பத்து மணிக்குக் கடை திறந்தால் முதல் பாட்டு குமாரி மணவூர் கோமளா. எந்தக் கல்யாணத்துக்குக் குழாய் கட்டினாலும் முதல் பாட்டு கோமளா. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் செங்கமலம் பூ விற்றுக்கொண்டிருக்கும்போதே பாட்டை நிறுத்தி, சித்தூரிலிருந்து வந்த மஞ்சள் சட்டைப் பெரியவர் எங்கிருந்தாலும் மைக் செட் அருகே வரவும் என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடி விட்ட இடத்திலேயே முள்ளை வைப்பார். அந்தத் துல்லியத்தை அவர் வேறு எந்தப் பாட்டுக்கும் காட்டியதில்லை.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. நைனா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வார்: பொம்பளைன்னா அவ பொம்பளை, என்னா அடக்கம் அந்தக் குரல்ல, சில பேர் சேலையைச் சுத்திகினு கத்தினானுங்களே, அதுவும் பாட்டா? நைனா ஆங் என்பார். அம்மா உடனே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். சிரிப்பை அடக்க அம்மாவுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நைனா திருத்தணிக்கே குடிவந்து தினமும் ரயிலில் அரக்கோணம் போய்வந்த காலத்தில், அம்மா காலை பத்து மணிக்குச் சரியாக அண்ணன் கடைக்குக் குழம்பு கொண்டுபோவாள். அண்ணன் வீட்டில் குழம்பு வைக்க ஆள் இல்லாமல் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, குழம்புக் கிண்ணத்தோடு கண்ணை மூடிக்கொண்டு ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்கும் ஒரு கற்பூரம். எங்கள் வீட்டில் சாமிக்குக் கொளுத்தியதைவிட இந்த ரகசியத்துக்குக் கொளுத்தியதுதான் அதிகம்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு மாமா வாசலில் குழாய் கட்டினார். தங்கச்சிக்குப் பிடிச்ச பாட்டு என்று அழுதுகொண்டே அந்தத் தட்டைத்தான் போட்டார். நைனா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாமாவை அறையலாமா, காலில் விழலாமா என்று எனக்கு அன்று புரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

கோமளாவைத் தேடி

இந்த வருஷத் தை மாசத்தில் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவர். தாடி, தோல் பை, தட்டைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்ளும் பக்தி. 'மலைப்படிப் பூக்காரி' தட்டு நாட்டில் நாலைந்துதான் மிச்சம், அந்தக் கோமளா யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, உயிரோடு இருந்தால் ஒரு பேட்டி எடுத்து இன்டர்நெட்டில் போட வேண்டும் என்றார்.

மாமாவுக்கு எண்பத்தாறு வயதில் மறுபடி மீசை முறுக்கிக்கொண்டது. சவுண்ட் சர்வீஸை இப்போது நடத்துவது அவர் மகன் பாபு. கடை முழுக்க ஆள் உயர டிஜே பாக்ஸ். மாமாவுக்கு மிச்சம், மூலையில் ஒரு பழைய பிளேயரும் காலை பத்து மணியும்தான். அந்த மனிதரிடம் போய் கோமளாவைக் கண்டுபிடியுங்கள் என்றால் கேட்க வேண்டுமா? பாபுவின் காரை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே மணவூர் கிளம்பிவிட்டார்.

இவ்வளவு வருஷத்தில் ஏன் ஒரு தடவை கூட அரை மணி நேர தூரத்தில் இருக்கிற மணவூருக்குப் போகவில்லை என்று கேட்டேன். குமாரியா இருந்த பொண்ணை நான் போய் விசாரிச்சா ஊரு இன்னா பேசும் என்றார். குமாரிக்கு எண்பது வயதாகட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

மணவூரில் மூன்று கோமளாக்கள் கிடைத்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் மகளோடு பெங்களூர் போய்விட்டார். மூன்றாமவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடுவீங்களா என்று மாமா கேட்டிருக்கிறார். அதிகாரிங்க வந்தா கடவுள் வாழ்த்து நான்தான் பாடுவேன் என்றிருக்கிறார் அந்த அம்மாள். சென்னைக்குப் போய்ப் பாடியதுண்டா? ஒரு தடவை விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடியது உண்டாம். மாமாவுக்கு அதற்கு மேல் விசாரிக்கத் தேவைப்படவில்லை. உங்களைப் பாராட்டப்போகிறோம் என்றார். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதை ஒருவழியாக ஊர் நினைத்துப் பார்க்கிறது என்று அந்த அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார்.

இப்படியாகக் கோமளா கிடைத்தார். மண்டபம் பேசினார்கள். ஃபிளெக்ஸ் அடித்தார்கள். அதில் பதினாறு பேர் படம் இருந்தது, பாராட்டப்படுகிறவரின் படம் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட மாமாவின் படம்தான் இருந்ததிலேயே பெரியது.

நான் நைனாவிடம் போனேன். போதும், இப்போதாவது சொல்லிவிடலாம், அம்மாவும் இல்லை, யாரைக் கூட்டிக்கொண்டு போய்விடப்போகிறார் என்றேன். நைனா வாயிலிருந்த பீடியை எடுத்தார். பிறகு சொன்னார்:

"சொன்னா நிறுத்திடுவாரும்மா. மேடை போச்சு. சேலை போச்சு. இப்ப தொண்டையும் போச்சு. தெனம் பத்து மணிக்கு ஒரு எடத்துலதான் நான் பாடிகினு இருக்கேன். அவரு அதை நிறுத்திட்டா, அப்புறம் நான் எங்க பாடறது?"

வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மைக்கைப் பிடுங்கியது

மறுபடி பங்குனி மண்டபத்துக்கு வருகிறேன். பொன்னாடை போர்த்திவிட்டு நைனா முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தட்டைப் போட்டார்கள். மண்டபம் முழுக்க நைனாவின் இருபத்தேழு வயதுக் குரல் பூ விற்றது. சென்னை இளைஞர் கேமராவைக் கோமளா அம்மாளின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு கண் கலங்கினார்.

பாட்டு முடிந்ததும் கோமளா அம்மாளைப் பேசச் சொன்னார்கள். அந்த அம்மாள் மைக்கைப் பிடித்துத் தெளிவாகவே சொன்னார்.

"இந்தப் பாட்டு நான் பாடினது இல்லீங்க. எனக்கு இப்படில்லாம் பாட வராது. நான் சோறு போட்டவ."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாமா எழுந்து, இதைத்தான் தன்னடக்கம் என்பது என்றார். மண்டபமே கை தட்டியது. பொய் சொல்லியிருந்தால்கூட அந்த அம்மாளுக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது. இல்லீங்க, நெஜமா என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாத்தீங்களா அடக்கத்தை என்றார். அந்தக் காலத்தில் மீசையை மழித்துவிட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆடினார்களே சில பேர், அவர்களுக்கு ஒரு நாளாவது இந்த அடக்கம் வந்திருக்குமா, இந்தக் குரல் வந்திருக்குமா என்றார். சொல்லிவிட்டு நேராக முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். உறவுக்காரர்கள் நாலு பேர் கூடச் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் மேடை ஏறினேன். பாபு கையிலிருந்த இன்னொரு மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுவது என் மரியாதைக்காக. பாபு பிடுங்கினாள் என்றுதான் சொல்லுவான்.

"மாமா, அந்தக் கோமளா முன்வரிசையில உக்காந்துகினு இருக்குது. வேட்டி கட்டிகினு. இந்த அம்பது வருசமா நீங்க போட்டதெல்லாம் எங்க நைனா பாடினது."

யாரும் கை தட்டவில்லை. மாமா நைனாவைப் பார்த்தார். நைனா தன் செருப்பைப் பார்த்தார். மறுக்கவில்லை. மாமா ஆம்ப்ளிஃபையரிடம் போய்த் தன் கையால் அணைத்தார். தட்டை எடுத்து அட்டையில் போட்டார். இறங்கி வெயிலில் நடந்து போய்விட்டார்.

சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. கோமளா அம்மாள் பழக்கத்தில் பந்திக்குப் போய், எந்த இலையில் சாம்பார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது பொன்னாடையை நாலாக மடித்து நைனாவின் மடியில் வைத்துவிட்டு, உங்க குரலுக்கு முன்னாடி நான் ஒக்காந்ததுக்கு மன்னிச்சிருங்க ஐயா என்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒழுங்காக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

பத்து மணி

மறுநாள் காலை நைனா ஒன்பதரைக்கே வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மாமா கடை இரண்டு தெரு தள்ளி. பத்து மணி ஆனது. திருப்பதி பஸ் ஹாரன் கேட்டது. பாபு ஏதோ டிஜே பாக்ஸைச் சோதனை போட்டு ஜன்னலை அதிர வைத்தான். பாட்டு வரவில்லை.

நிறுத்திட்டாரு பாரு என்றார் நைனா. அதற்கு அப்புறம் என்னோடு பேசவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். சென்னை இளைஞர் போனில் கூப்பிட்டு, வீடியோவைப் பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், அய்யா பெயர் இனி இன்டர்நெட்டில் என்றைக்கும் இருக்கும் என்று சந்தோஷப்பட்டார். நைனாவிடம் சொன்னேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நியாயம் கேட்கிறேன் என்று கிளம்பி, ஒரு கிழவனிடமிருந்து அவருக்கென்று இருந்த ஒரே இடத்தையும் பிடுங்கிவிட்டேன். என் கோபத்துக்கு அவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு மாமா தெருவில் வந்தார். தனியாக, நடந்து. அக்குளில் செய்தித்தாள் சுற்றிய தட்டு. அதை மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நைனா எழுந்து நின்றார். மாமா உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

செய்தித்தாளைப் பிரித்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கூடை வைத்த பூக்காரியின் ஓவியம் பாதி தேய்ந்துபோயிருந்தது.

"ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டு" என்றார் மாமா.

"ஆங்."

"'பாதிப் படியில் நிற்பவரே'ன்னு எடுக்கற எடத்துல மூச்சு ஒரு நொடி தடுமாறுது. மொத நாள்லருந்து கேக்கறேன். முள்ளுல கோளாறுன்னு முள்ளு மாத்தினேன். தட்டுல கீறல்னு இன்னொரு தட்டு தேடி வாங்கினேன். அதுலயும் தடுமாறுது. வேற எங்கயும் ஒரு பிசிறு இல்ல. அங்க மட்டும் இன்னா ஆச்சு?"

நைனா நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவர் பாட்டைப் பற்றி அவரிடம் யாரும் கேள்வி கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேடையில அந்த எடத்துல முந்தானையை இழுத்து இடுப்புல சொருவிகினு ஒரு படி ஏறுவேன் பாவா. அப்பதான் அடுத்த அடி எடுக்க மூச்சு வரும். ஸ்டூடியோவுலயும் கை தானா இடுப்புக்குப் போச்சு. பேன்ட்டுதான் இருந்துச்சு. ஒரு நொடி இன்னா பண்றதுன்னு தெரியல."

மாமா அட்டையில் இருந்த பூக்காரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சேலையே கட்டிகினு போயிருக்கலாம் மாப்ளே" என்றார்.